ஜேன் ஆடம்ஸ்: தெருப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தவர்

அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற முதல் அமெரிக்கப் பெண் யார் என்று கேட்டால், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் ஜேன் ஆடம்ஸ் என்று உடனே சொல்லிவிடுவார்கள். ஆண்டு 1931. பொது அறிவுப் புத்தகத்தில் அதோடு அவர் கதை முடிந்துவிடும். ஆனால் அந்த அம்மையார் 45 ஆண்டுகளுக்கு மேல் பார்த்த வேலை வேறு. சிகாகோ நகரின் ஏழைப் பகுதி ஒன்றில் தாமே குடியிருந்து, மாலையில் போக்கிடம் இல்லாமல் தெருவில் நின்ற பிள்ளைகளுக்கு ஓர் இடம் ஏற்படுத்திக் கொடுத்தார். பிறகு அந்தப் பொறுப்பை நகராட்சி ஏற்க வேண்டும் என்று ஓயாமல் போராடினார். நம் பொதுக்குழுவில் பார்க்கிங்கில் கிரிக்கெட் ஆடும் பையன்களைப் பற்றி ஒவ்வொரு வருடமும் நீண்ட நேரம் பேசுகிறோம். அதனால் இந்தக் காலாண்டுக்கு அவரைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது.

ஜேன் ஆடம்ஸ் 1860 செப்டம்பர் 6 அன்று இல்லினாய் மாநிலத்தில் சீடர்வில் என்ற சிற்றூரில் பிறந்தார். ஒன்பது குழந்தைகளில் எட்டாவது. தகப்பனார் மாவு மில் வைத்திருந்த வசதியானவர், மாநில செனட்டில் உறுப்பினர், ஆபிரகாம் லிங்கனுக்குப் பழக்கமானவர். ஜேனுக்கு இரண்டு வயதிருக்கும்போதே தாயார் இறந்துவிட்டார். சிறு வயதில் வந்த முதுகெலும்பு நோயால் முதுகு சற்று வளைந்துவிட்டது. தம்முடைய அழகான அப்பாவோடு தெருவில் நடந்தால் அவருக்குக் குறைவு என்று அந்தக் குழந்தை ஒதுங்கி ஒதுங்கி நடக்குமாம்.

ராக்ஃபோர்டில் பெண்கள் கல்லூரியில் படித்து 1881இல் முடித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் தகப்பனாரும் திடீரென்று காலமானார். டாக்டருக்குப் படிக்கலாம் என்று ஃபிலடெல்ஃபியா போனார். முதுகு வலி படுத்தி எடுத்ததால் அதையும் விட்டார். கையில் அப்பா வைத்துவிட்டுப் போன சொத்து, ஏறத்தாழ 50,000 டாலர் பெறும். படிப்பும் பணமும் இருந்தும் செய்ய ஒரு வேலை இல்லை. இப்படியே எட்டு வருடம் போயிற்று. வசதியான குடும்பத்துப் பெண் இரண்டு தடவை ஐரோப்பாவைச் சுற்றி வந்தார் என்பதுதான் அந்த வருடங்களின் கணக்கு.

இரண்டாவது பயணத்தில், 1888இல், லண்டனின் கிழக்குப் பகுதியில் டாயின்பி ஹால் என்ற இடத்தைப் பார்த்தார். அங்கே பல்கலைக்கழகத்தில் படித்த இளைஞர்கள் ஏழைகளின் தெருவிலேயே வந்து குடியிருந்தார்கள். வகுப்பு நடத்தினார்கள், சங்கம் நடத்தினார்கள். தான தர்மம் செய்துவிட்டுக் காரில் ஏறிப் போவதில்லை, பக்கத்து வீட்டுக்காரராக இருப்பது என்பதுதான் அவர்கள் கொள்கை. (அப்போது கார் கிடையாது, குதிரை வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.) தாம் செய்ய வேண்டியது இதுதான் என்று ஜேன் முடிவு செய்தார்.

1889 செப்டம்பர் 18 அன்று கல்லூரித் தோழி எலன் கேட்ஸ் ஸ்டாருடன் சிகாகோவின் ஹால்ஸ்டெட் தெருவில் ஒரு பழைய மாளிகையில் குடிபுகுந்தார். வயது 29. சார்லஸ் ஹல் என்பவர் 1856இல் கட்டிய வீடு, அதனால் ஹல் ஹவுஸ் என்று பெயர். ஊர் வளர வளரப் பணக்காரர்கள் வேறு பக்கம் போய்விட, வீட்டைச் சுற்றி இத்தாலியர், கிரேக்கர், ஜெர்மானியர், ரஷ்ய யூதர், போலந்துக்காரர் என்று வந்தேறிக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்தன. நகராட்சியின் 19ஆவது வார்டு அது. சுமார் 50,000 ஜனங்கள், 250க்கு மேல் மதுக்கடைகள். தெருவோரம் மரப்பெட்டிகளில் குப்பை நிரம்பி வழியும். சிறு பிள்ளைகளுக்கு அந்தப் பெட்டிகள்தான் விளையாட்டுச் சாமான்.

அங்கே என்ன செய்யப் போகிறோம் என்று அவர் பெரிய திட்டம் ஏதும் போட்டுக்கொண்டு வரவில்லை. எனக்கு இந்த இடம்தான் மிகவும் பிடித்தது. அக்கம்பக்கத்தார் என்ன கேட்டார்களோ அதைச் செய்தார். வேலைக்குப் போகும் தாய்மார்கள் குழந்தைகளை விட இடமில்லை என்றார்கள், மழலையர் பள்ளி வந்தது. பள்ளி முடிந்த பையன்கள் சுற்றிக்கொண்டிருந்தார்கள், பையன்கள் சங்கம் வந்தது. கதை கேட்க ஒரு குழு, தையலுக்கு ஒரு குழு, பாட்டுக்கு ஒன்று. 1893இல் உடற்பயிற்சிக் கூடமும் காபிக் கடையும் இசைப்பள்ளியும். 20 ஆண்டுகளில் ஒரு வீடு 13 கட்டடங்களாகப் பெருகியது. பையன்களுக்கென்றே தனிக் கட்டடம். அதில் பில்லியர்ட்ஸ் மேஜை, பந்து உருட்டும் ஆட்டம், தொழில் பழகும் பட்டறை எல்லாம் இருந்தன. பிற்காலத்தில் ஜாஸ் இசையில் உலகப் புகழ் பெற்ற பென்னி குட்மன் சிறுவனாக இருந்தபோது ஹல் ஹவுஸ் பையன்களின் பேண்டில் கிளாரினெட் வாசித்தார்.

பிள்ளைகளைக் கூட்டி விளையாட வைப்பது மட்டும்தான் சங்கம் என்று அவர் நினைத்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டார். முதல் கிறிஸ்துமஸுக்கு வந்திருந்த சிறுமிகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். சிலர் வாங்க மறுத்துவிட்டார்கள். விசாரித்தால், அவர்கள் மிட்டாய்த் தொழிற்சாலையில் ஆறு வாரமாகக் காலை 7 மணி முதல் இரவு 9 மணி வரை வேலை பார்த்தவர்கள். மிட்டாயைக் கண்ணால் பார்க்கவே அவர்களுக்குப் பிடிக்கவில்லை. அந்தக் குளிர்காலத்திலேயே சங்கத்துப் பையன்கள் மூன்று பேர் பக்கத்துத் தொழிற்சாலையில் ஒரே இயந்திரத்தில் அடிபட்டார்கள். ஒருவன் இறந்தான். சில டாலர் செலவில் ஒரு தடுப்பு வைத்திருந்தால் போதும். முதலாளி வருத்தப்பட்டுத் தடுப்பு வைப்பார் என்று ஜேன் நம்பினார். அவர் எதுவும் செய்யவில்லை. நஷ்டஈடு கேட்கமாட்டோம் என்று பெற்றோரிடம் முன்னாலேயே கையெழுத்து வாங்கி வைத்திருந்தார்கள்.

அதன் பிறகுதான் அவர் சட்டத்தின் பக்கம் திரும்பினார். உடன் வசித்த ஃபுளோரன்ஸ் கெல்லி என்ற அம்மையார் வீடு வீடாகப் போய்த் தகவல் திரட்டினார். 1893இல் இல்லினாய் மாநிலம் 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைத் தொழிற்சாலையில் வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. கெல்லியே தலைமை ஆய்வாளர் ஆனார்.

இந்தச் சமயத்தில் நடந்த ஒன்றை வங்கியில் லெட்ஜரோடு காலம் கழித்த என்னால் சொல்லாமல் விட முடியாது. இந்தச் சட்டப் பேச்சையெல்லாம் நிறுத்திவிட்டால் 50,000 டாலர் நன்கொடை கிடைக்கும் என்று முதலாளிகள் தரப்பிலிருந்து தூது வந்தது. அப்பா வைத்துவிட்டுப் போன மொத்தச் சொத்துக்குச் சமமான தொகை! மறுத்துவிட்டார். வேலைக்குப் போகும் இளம் பெண்கள் சேர்ந்து நடத்திய விடுதிக்குக் கட்டடம் கட்ட ஒருவர் 20,000 டாலர் தர முன்வந்தார். தம்மிடம் வேலை பார்க்கும் பெண்களுக்குக் கூலி குறைத்துக் கொடுப்பதில் பெயர் பெற்றவர் அவர். அதையும் திருப்பினார். இத்தனைக்கும் ஹல் ஹவுஸ் என்றைக்கும் பற்றாக்குறையில் ஓடிய நிறுவனம்தான். தொடக்கத்தில் செலவின் பெரும்பகுதி அவர் சொந்தப் பணம். வீட்டைக் கொடுத்த ஹெலன் கல்வர் வாடகையை விட்டுக் கொடுத்தார். மீதிக்குப் பணக்காரத் தோழிகள்.

தனியார் பணத்தில் எத்தனை பிள்ளைகளைச் சேர்க்க முடியும்? ஒரு வீட்டில் இடம் கிடைத்த பிள்ளை போக மிச்சம் இருப்பது ஒரு நகரம். இதை அவர் சீக்கிரமே புரிந்துகொண்டார். அதனால் ஒரு முறையைக் கடைப்பிடித்தார். ஒரு வசதியைச் சிறிய அளவில் தாமே நடத்திக் காட்டுவார். ஜனங்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்று தெரிந்ததும் நகராட்சியிடம் போய், இனி இது உங்கள் வேலை என்பார். ஹல் ஹவுஸ் அடித்தளத்தில் மூன்று குளியலறைகள் வைத்து அக்கம்பக்கத்தாருக்குத் திறந்துவிட்டார். ஏழைகள் குளிக்க மாட்டார்கள் என்று சொன்னவர்கள் வாயடைத்தார்கள். 1894இல் சிகாகோ தன் முதல் பொதுக் குளியல் நிலையத்தை அந்த வட்டாரத்தில்தான் திறந்தது. ஹல் ஹவுஸ் படிப்பறையை நகர நூலகம் ஏற்று நடத்தியது.

விளையாட்டு மைதானம் வந்த கதை இன்னும் சுவையானது. ஹல் ஹவுஸுக்குப் பக்கத்தில் படுமோசமான வாடகைக் குடியிருப்புகள் இருந்தன. அவற்றின் சொந்தக்காரர் வில்லியம் கென்ட் என்ற இளைஞர், பரம்பரைச் சொத்து. கெல்லி அவர் பெயரைப் பொதுக் கூட்டத்திலேயே சொல்லிக் கண்டித்துவிட்டார். கோபத்தோடு வந்த கென்ட் இடத்தை நேரில் பார்த்தார். கடைசியில் வாடகையில்லாமல் நிலத்தைக் கொடுத்தார், வரியையும் தாமே கட்டினார். கட்டடங்களை அகற்றி 1894 மே 1 அன்று மைதானம் திறந்தார்கள். ஊஞ்சல், மணல்மேடு, பெரிய பையன்களுக்குப் பந்தாட இடம். சிகாகோவின் முதல் பொது விளையாட்டு மைதானம் என்று இதைச் சொல்கிறார்கள். பிள்ளைகளைத் துரத்துவதற்கே பழகியிருந்த போலீஸ்காரர் ஒருவரை நகராட்சி அங்கே காவலுக்குப் போட்டது, அவர் ஆட்டத்துக்கு நடுவராகிவிட்டார். கட்டடம் இடித்ததில் வீடிழந்த குடும்பங்களும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். யாருக்கும் நஷ்டமில்லாத நல்ல காரியம் என்று ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை.

பிறகு குப்பை. வார்டில் குப்பை அள்ளும் ஒப்பந்ததாரர் ஒழுங்காக அள்ளவில்லை. புகார் எழுதிப் பயனில்லை. 1895இல் ஜேன் ஆடம்ஸ் தாமே டெண்டர் போட்டார்! ஏதோ விதியைக் காட்டி அதைத் தள்ளிவிட்டார்கள். ஆனால் ஊரெல்லாம் பேச்சாகிவிட்டதால் மேயர் அவரையே வார்டு குப்பை ஆய்வாளராக நியமித்தார், வருடம் 1,000 டாலர் சம்பளம். காலை ஆறு மணிக்கு எழுந்து குப்பை வண்டிக்குப் பின்னாலேயே போவார், கொட்டும் இடம் வரைக்கும். ஒரு சந்தில் 18 அங்குலக் குப்பையைத் தோண்டிய பிறகு அடியில் கல் பாவிய ரோடு இருப்பது தெரிந்தது. இறப்பு விகிதத்தில் நகரின் வார்டுகளில் மூன்றாவது இடத்திலிருந்த அந்த வார்டு ஏழாவது இடத்துக்கு இறங்கியது.

இவர் செய்வதெல்லாம் ஒருவருக்குப் பிடிக்கவில்லை. வார்டு கவுன்சிலர் ஜானி பவர்ஸ். நகர சபையின் நிதிக் குழுவே அவர் கையில் இருந்தது. லஞ்சத்துக்குப் பேர் போனவர். ஹல் ஹவுஸ்காரர்கள் 1896இலும் 1898இலும் அவருக்கு எதிராக ஆள் நிறுத்தினார்கள். இரண்டு தடவையும் தோல்வி. ஏன் தோற்றோம் என்று ஜேன் நிதானமாக உட்கார்ந்து யோசித்து ஒரு கட்டுரை எழுதினார். கவுன்சிலர் வேலை வாங்கித் தருகிறார். சாவு வீட்டுக்குச் செலவு செய்கிறார். பையன் போலீஸில் மாட்டினால் வந்து விடுவிக்கிறார். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வீடு வான்கோழி அனுப்புகிறார். ஜனங்கள் கண்ணுக்கு அவர் நல்ல அண்டை வீட்டுக்காரர். ஊழலை எதிர்த்து மேடையில் பேசுகிறவர்கள் அப்படி ஆபத்துக்கு வந்து நிற்பதில்லை. இந்த உண்மையை அவர் ஒத்துக்கொண்டார். இதைப் படித்தபோது, 120 வருடத்துக்கு மேல் ஆகியும் எந்த ஊரிலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறவில்லை என்றுதான் தோன்றியது.

பிள்ளைகள் விஷயத்தில் அவர் சேர்ந்து பெற்ற பெரிய வெற்றி 1899இல் வந்தது. அதுவரை சிகாகோவில் திருடிய சிறுவனும் கொலைகாரனும் ஒரே சிறையில் கிடந்தார்கள். ஹல் ஹவுஸில் வசித்த ஜூலியா லாத்ராப் முதலியோர் நகரத்தின் பெண்கள் மன்றங்களோடு சேர்ந்து பாடுபட்டதில், அமெரிக்காவின் முதல் சிறார் நீதிமன்றம் சிகாகோவில் தொடங்கியது. சட்டம் வந்தது, ஆனால் பிள்ளைகளைக் கண்காணித்துத் திருத்தும் நன்னடத்தை அதிகாரிகளுக்குச் சம்பளம் கொடுக்கச் சட்டத்தில் வழி வைக்கவில்லை! அரசாங்கத் திட்டங்களில் இது புதிதல்ல. பெண்கள் குழு நிதி திரட்டிச் சம்பளம் கொடுத்தது. முதல் அதிகாரியான ஆல்சினா ஸ்டீவன்ஸும் ஹல் ஹவுஸ்காரர்தான். சில வருடங்கள் கழித்தே மாவட்ட நிர்வாகம் அந்தச் செலவை ஏற்றது.

நீதிமன்றத்துக்கு வந்த வழக்குகளைப் பார்த்தபோது ஜேன் கவனித்த ஒன்று அவருடைய 1909ஆம் ஆண்டுப் புத்தகத்துக்கு அடிப்படையானது. நகரத் தெருக்களும் இளமையின் வேகமும் பற்றியது அந்தப் புத்தகம். பையன்கள் மேல் இருந்த குற்றச்சாட்டுகளில் பல என்ன? ரயில் மேல் கல் எறிந்தது, ஓடும் வண்டியில் தொற்றியது, தடை போட்ட இடத்தில் ஏறியது. கிராமத்துப் பையன் மரம் ஏறினால் குற்றமில்லை, நகரத்துப் பையன் வேலி ஏறினால் வழக்கு. பகலெல்லாம் இயந்திரத்தின் முன் நிற்கும் இளைஞனுக்கு மாலையில் கொஞ்சம் ஆட்டமும் பாட்டமும் வேண்டும். அந்தத் தேவையைக் கவனிக்கும் பொறுப்பை நகரம் சாராயக் கடைக்காரரிடமும் நடன அரங்கு நடத்துகிறவரிடமும் விட்டுவிட்டு, பிறகு பிள்ளைகள் கெட்டுவிட்டார்கள் என்று புலம்புகிறது. இதுதான் அவர் வாதம். வாசலில் பந்து விளையாடக் கூடாது என்று பலகை மாட்டுவது சுலபம், எங்கே விளையாடலாம் என்று இரண்டாவது பலகை மாட்டத்தான் யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

அவர் எடுத்ததெல்லாம் ஜெயித்தது என்று நினைக்க வேண்டாம். ஐந்து சென்ட் சினிமாக் கொட்டகைகள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்று 1907இல் ஹல் ஹவுஸிலேயே ஒரு நல்ல சினிமாக் கொட்டகை திறந்தார்கள். தேவதைக் கதைகள் காட்டினார்கள். பக்கத்துக் கொட்டகைகளோடு போட்டி போட முடியாமல் கொஞ்ச நாளில் மூடிவிட்டார்கள். 1905இல் மேயர் டன் அவரை நகரப் பள்ளிக் குழுவில் நியமித்தார். இரண்டு வருடத்தில் மேயர் மாறினார், புது மேயர் பழைய உறுப்பினர் பலரை வெளியேற்றினார். ஜேன் மட்டும் விலகாமல் நீடித்தது அவர் நண்பர்களிலேயே சிலருக்கு வருத்தம். ஆட்சி மாறும்போது நல்ல திட்டத்தைக் காப்பாற்ற உள்ளே இருக்க வேண்டுமா, வெளியே வந்து சண்டை போட வேண்டுமா? அவர் உள்ளே இருப்பதைத் தேர்ந்தெடுத்தார். அதில் அவர் பெரிதாக எதையும் சாதித்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அதே 1905இல் சிகாகோவின் தென் பகுதியில் பூங்கா நிர்வாகம் பத்துப் புதிய பேட்டைப் பூங்காக்களைத் திறந்தது. ஒவ்வொன்றிலும் மைதானம் மட்டுமல்ல, ஒரு கட்டடமும் இருந்தது. அதில் கூட்ட மண்டபம், உடற்பயிற்சிக் கூடம், குளியலறை, நூலகம், இளைஞர் சங்கங்களுக்கு அறைகள். எல்லாம் பொதுப் பணத்தில். ஹல் ஹவுஸ் ஒரு வீட்டில் செய்துகொண்டிருந்ததைப் பேட்டைக்குப் பேட்டை வரிப்பணத்தில் செய்யலாம் என்று ஆயிற்று. மதுவில்லாத அந்த மண்டபங்களில் இளைஞர்கள் நடனமும் விழாவும் நடத்தியதை அவர் தம் புத்தகத்தில் மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறார்.

மீதி வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், அது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. முதல் உலகப் போரை எதிர்த்தார். 1915இல் ஹேக் நகரில் நடந்த பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அமெரிக்கா போரில் இறங்கியதும் நேற்றுவரை தேவதை என்று கொண்டாடிய பத்திரிகைகள் தேசத் துரோகி என்று தூற்றின. ஹல் ஹவுஸுக்கு வந்துகொண்டிருந்த நன்கொடையும் குறைந்தது. 1931இல் நோபல் பரிசு கிடைத்தபோது தம் பங்குப் பணத்தைப் பெண்களின் சர்வதேச அமைதிச் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டார். 1935 மே 21 அன்று காலமானார். ஹல் ஹவுஸ் முற்றத்தில் அஞ்சலி செலுத்த ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையில் நின்றார்கள். பலர் சிறு வயதில் அங்கே சங்கத்துக்கு வந்தவர்கள்.

அவருக்குப் பின் நடந்ததுதான் வருத்தம். 1960களின் தொடக்கத்தில் புதிய பல்கலைக்கழக வளாகத்துக்கு நகர நிர்வாகம் அந்த வட்டாரத்தையே தேர்ந்தெடுத்தது. ஜனங்கள் எதிர்த்து வழக்காடினார்கள், பலிக்கவில்லை. 13 கட்டடங்களில் பழைய மாளிகையும் உணவுக் கூடமும் தவிர மற்றவை இடிக்கப்பட்டன. ஹல் ஹவுஸ் சங்கம் தன் சேவைகளை நகரின் வேறு பகுதிகளுக்குப் பிரித்துக்கொண்டு போனது. காலப்போக்கில் அதன் வருமானத்தில் பெரும் பங்கு அரசு ஒப்பந்தங்களிலிருந்து வருவதாக ஆகிவிட்டது. கணக்குத் தெரிந்தவர்களுக்கு இதன் ஆபத்து புரியும்: ஒரே வாடிக்கையாளரை நம்பிய கடை. பொருளாதார மந்தம் வந்தது, அரசுப் பணம் சுருங்கியது, நன்கொடையும் சுருங்கியது. 2012 ஜனவரியில், 122 ஆண்டுகளுக்குப் பிறகு, சங்கம் திவாலாகி மூடப்பட்டது. குழந்தைக் காப்பகம், வேலைப் பயிற்சி, ஆலோசனை என்று வருடத்துக்குச் சுமார் 60,000 பேர் அதன் சேவையைப் பெற்று வந்தார்கள். ஊழியர்களுக்குச் சில நாள் முன்னால்தான் விஷயம் தெரிந்தது.

ஹால்ஸ்டெட் தெருவில் அந்த மாளிகை இப்போது பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகமாக இருக்கிறது. சிறார் நீதிமன்றம் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களுக்கும், பிறகு நம் நாடு உட்படப் பல நாடுகளுக்கும் பரவிவிட்டது. 1905இல் திறந்த பூங்காக் கட்டடங்களில் பல இன்றைக்கும் சிகாகோ பூங்கா நிர்வாகத்தின் கையில் இயங்குகின்றன. பள்ளி விட்டதும் அந்தப் பேட்டைப் பிள்ளைகள் அங்கே கூடைப்பந்து ஆடப் போகிறார்கள்.